சனிக்கிழமை வரைக்கும்

இறுப்பிட்டி,
வியாழக்கிழமை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. இதைத் தொலைபேசியிலும் சொல்ல முடியாது. அப்பாவின் கட்டில் விறாந்தையில் கிடக்கிறது; உடம்பு ஓய்ந்தாலும் காது ஓயவில்லை. கைபேசியில் தட்டித் தட்டி எழுத எனக்குப் பொறுமையும் இல்லை. அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். நேற்றிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை, கரண்டியில் கொடுக்கிற இளநீர்தான். நீங்கள் திங்கட்கிழமை வந்து சேரும்வரை இருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் என் பயம் அது மட்டுமில்லை.

சனிக்கிழமை மாலை, நம் வீட்டுக்கு எதிரே வாசிகசாலை முற்றத்தில் பிள்ளைகளின் நாடகம். முன்பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளைகள், இப்போது வளர்ந்து தாங்களே எழுதிப் பழகியிருக்கிறார்கள். அவர்களின் முதல் நாடகம். தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் வண்டிக்கு வாளியோடு காத்து நிற்கிற சனத்தின் சண்டைதான் கதை. அதில் கனடாவிலிருந்து வந்து, தண்ணீரைச் சிக்கனமாகப் பாவியுங்கள் என்று புத்தி சொல்லிவிட்டு, ஒரு நாளில் மூன்று தரம் குளிக்கிற ஒருவரும் வருகிறார். கோபிக்க வேண்டாம், நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதில் நடிக்கிற நிலக்சனாவின் தகப்பனைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "குமர்ப்பிள்ளை மேடையிலை நிண்டு கத்துறதே, ரீச்சர்?" என்று ஒற்றைக்காலில் நின்றார். முழு நேரமும் நானும் கூடவே இருப்பேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் ஓம் என்றார். பவுசர்க்காரனாக நடிப்பவன் தேனுஜன். அவனுக்குக் கட்டார் விசா வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை விடியக் கொழும்புக்குப் பஸ் ஏறுகிறான். ஆகவே நாளைத் தள்ளிவைக்க வழியில்லை.

இதற்கிடையில் அப்பாவுக்கு ஒன்று நடந்தால்? செத்த வீட்டுக்கு முன்னால் ஒலிபெருக்கி கட்ட யார் விடுவார்கள்? நடிப்பவர்களில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள், அவர்களுக்கும் துடக்கு, மேடை ஏற முடியாது. பிள்ளைகளுக்கு இது விளங்கியிருக்கிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிகிறார்கள். செவ்வாய்க்கிழமை ஒத்திகையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். அன்று அப்பா கண்ணைத் திறந்து, "என்ன, பிள்ளையளின்ர சத்தத்தைக் காணேல்லை? ஊரிலை ஆரும் செத்துப் போச்சினமே?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஓடிப்போய் அவர்களைத் தொடங்கச் சொன்னேன். தேனுஜன் கத்திய கத்தலைக் கேட்டுக்கொண்டே அப்பா நித்திரையானார்.

இன்று காலை கோயிலில் அப்பாவுக்காகக் கும்பிட்டேன். சனிக்கிழமை வரைக்கும் விட்டுவை பிள்ளையாரே என்றுதான் வாயில் வந்தது. நீங்கள் வருகிற திங்கள் அல்ல, சனி. பெற்ற தகப்பனுக்கு நாடகத்தைக் கணக்கிட்டு நாள் கேட்ட மகள் நான். வெட்கமாக இருக்கிறது அண்ணா. ஆனாலும் திரும்பிப் போய் மாற்றிக் கேட்க மனமில்லை.

உங்களை நினைத்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. மச்சாளுக்குத் தடிமன், தும்மல் என்றாலும் ஊர்ச்சங்கத்து வட்ஸ்அப்பில் போடுகிற ஆள் நீங்கள். அங்கே போட்ட கையோடு இங்கே சந்தியில் தெரிந்துவிடும். அதனால் ஒரு உதவி கேட்கிறேன். சனிக்கிழமை எனக்கு அழைப்பு எடுக்க வேண்டாம். அப்பா எப்படி என்று கேட்க வேண்டாம். கேட்டால் எனக்கு உங்களிடம் பொய் சொல்ல வராது. நாடகம் முடிந்து, பிள்ளைகள் கைதட்டல் வாங்கி, வீடுகளுக்குப் போன பிறகு நானே எடுப்பேன். அதுவரைக்கும், இங்கே என்ன நடந்திருந்தாலும், அப்பா சுகமாக இருக்கிறார் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்வேன்.

உங்கள் தங்கை,
சிவரூபி