மிங்கோவைத் தேடும் விளம்பரம்

வர்ஜீனியா, ஆக்காம் தோட்டம்
1769 ஜூன் 20

அன்பு மகள் ஜூடித்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் அப்பாவின் வயிற்றைத் தவிர இங்கே எல்லாம் நலம். லண்டனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

இந்த வருஷம் புகையிலையில் புழு அதிகம். புழுவையும் மழையையும் தன் வயிற்றையும் அப்பா வழக்கம்போல் நாட்குறிப்பில் எழுதிவைக்கிறார், மிச்ச இடத்தில் அக்கம்பக்கத்தார் குற்றங்களும் என் குற்றங்களும். போன மாதம் சட்டசபையில் மேசையைத் தட்டி, "நாம என்ன ராஜாவுக்கு அடிமைங்களா?" என்று கேட்டாராம், கவர்னர் சபையையே கலைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சை எங்களுக்கு மூன்று தடவை பேசிக் காட்டினார். மிங்கோ அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூன்று தடவையும் கேட்டான். நாலாம் நாள் காலையில் மிங்கோவைக் காணோம், அப்பாவின் நீலக் கோட்டையும் காணோம்.

அப்பாவுக்குத் தாங்கவில்லை. "காசு கொடுத்து வாங்கி இருபத்திரண்டு வருஷம் வச்சுக் காப்பாத்தினேன் டார்கஸ், ஒரு வார்த்தை சொல்லிக்காம போயிட்டானே" என்று புலம்பினார். சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா என்று கேட்டேன், அதுவும் என் குற்றமாக நாட்குறிப்பில் ஏறிவிட்டது. தன் காலுறை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாத மனிதர், "நான் இல்லாமல் அவன் இரண்டு நாள் தாங்கமாட்டான்" என்று எழுதுகிறார்.

பிடித்துத் தருபவருக்குச் சன்மானம் என்று பத்திரிகைக்கு விளம்பரம் எழுத உட்கார்ந்தார். கோட்டின் பித்தான் வரை விவரமாக எழுதியவருக்கு ஆள் எப்படி இருப்பான் என்பதில் பேனா நின்றுவிட்டது. பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினார், எந்தப் புழு எந்தக் கிழமை வந்தது என்பது இருந்தது, அவன் இல்லை. கடைசியில் என்னிடம், "அவன் கையில ஒரு தீக்காயத் தழும்பு இருக்குமே, எந்தக் கை?" என்றார். இடது கை என்றேன். அப்படியே அச்சாகிவிட்டது.

உனக்கு நினைவிருக்காது, அப்போது மூன்று வயது. சமையலறையில் உன் பாவாடை பற்றிக்கொண்டபோது அவன்தான் வெறுங்கையால் கசக்கி அணைத்தான். "பாவாடை ஒன்று வீணாயிற்று" என்று அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. அம்மா நல்லவள் என்று நினைத்துவிடாதே, அந்தக் கை ஊற்றிய தேநீரைப் பதினெட்டு வருஷம் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் குடித்தவள்தான் நான்.

குழந்தையை ஈரக்காற்றில் வெளியே கொண்டுபோகாதே. அப்பாவின் பேச்சைப் புகழ்ந்து அவருக்குத் தனியாக நாலு வரி எழுது. கர்த்தர் உங்கள் மூவரையும் கண்ணின் மணிபோல் காக்கட்டும். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அது வலது கை.

என்றும் உன்னையே நினைத்திருக்கும் அம்மா
டார்கஸ்