உங்கள் கடை வாசல் புங்கை

அன்புள்ள அண்ணே,

இன்று திருமங்கலம் பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே பருத்திப்பால் வாசனை. கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்து கொதிக்கிற அந்த மணத்தில் உங்கள் நினைவு வராமல் இருக்குமா? “வெயிலக் கொறைக்கிற கூட்டத்துல கொதிக்கக் கொதிக்கப் பருத்திப்பால் குடிக்கிற ஒரே ஆளு நாந்தேன்” என்று சொல்லிவிட்டு நீங்களே சிரிப்பீர்கள்.

அப்போது நான் மதுரை மாநகராட்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் வெயிலைச் சமாளிக்க, உங்கள் கடைத்தெருவில் நிழல் மரங்கள் நடத் திட்டம் வந்தது. தெருக்காரர்களைக் கலந்து பேசி முடிவெடுப்பது என் பொறுப்பு. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டேன். பாத்திரக்கடைக்காரரான நீங்கள் ஒவ்வொரு முறையும் முதல் வரிசையில் வந்து உட்காருவீர்கள்; வாயைத் திறந்தால் எதிர்ப்புதான். “மரம் வளந்தா என் கடை போர்டு தெரியுமா மேடம்? எலையக் கூட்டுறது யாரு, நீங்களா?” உங்கள் தலை தெரிந்தாலே பதில்களை மனதுக்குள் ஒப்பிக்கத் தொடங்கிவிடுவேன்.

கடைசிக் கூட்டத்தில் ஒருவழியாக மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள். நீங்கள் மட்டும் தூக்கவில்லை.

“என் வாசல்ல குழி தோண்டுற எடத்துலதான பூக்காரம்மா உக்காருது? அதக் கேட்டாச்சா?”

கடைக்காரர்களுக்கு மட்டுமே அழைப்பு அனுப்புவதுதான் அலுவலக வழக்கம். அதைத்தான் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர் குறுக்கே விழுந்தார். “அண்ணே, படியில தண்ணியச் சிந்துதுன்னு தெனமும் அதுகூட மல்லுக்கட்டுறதே நீங்கதான? போனா உங்களுக்கு நிம்மதிதான!”

“மல்லுக்கட்டுறது நாந்தேன். அதுக்காக அது பொழப்பு போகணுமா? அது வராம நான் கையத் தூக்க மாட்டேன்.”

ஆள் அனுப்பி அழைத்து வந்தோம். பூக்கார அக்கா நாற்காலியில் உட்கார மறுத்து நின்றபடியே பேசினார். “மரம் வேணாங்கல. வெயில்ல பூவும் வாடுது, நானும் வாடுறேன். குழியக் கொஞ்சம் தெக்கால தள்ளித் தோண்டுங்க. எனக்கு நெழலும் கெடைக்கும், எடமும் போகாது.”

தெற்கே தள்ளினால் மரம் உங்கள் பெயர்ப்பலகைக்கு நேர் எதிரே வரும். கூடமே உங்களைப் பார்த்தது. நீங்கள் அவரை முறைத்தீர்கள். “வேற எடமே கெடைக்கலையாக்கும் ஒனக்கு!” என்றீர்கள். முணுமுணுத்துக்கொண்டே கையைத் தூக்கினீர்கள். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது, அண்ணே. உங்களிடம் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

புங்கை இப்போது மாடி உயரம். பலகையில் பாதி எழுத்துதான் தெரிகிறது. உங்கள் பையன் கிளையை வெட்டவில்லை. அக்கா அதே இடத்தில்தான் பூக்கட்டுகிறார். உங்களுக்குக் கடைசி மாலையைக் கட்டிக் கொண்டுவந்தவரும் அவர்தான். “இனி யாரு என்னைய வைவா?” என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் பலர் உண்டு. ஆனால் எங்கே மாற்றலாகிப் போனாலும் உங்களுக்குத்தான் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். இங்கேயும் மரம் நடத்தான் இன்றைய கூட்டம். அலுவலகம் வழக்கம்போல் அழைத்திருந்ததால் வந்திருந்தவர்கள் எல்லாரும் கடைக்காரர்கள். பேச்சைத் தொடங்கும் முன் ஒன்றே ஒன்று கேட்டேன்.

“நீங்கள்லாம் தெனமும் யாரோட சண்டை போடுவீங்க? மொதல்ல அவுகளக் கூட்டிட்டு வாங்க.”