உங்களுக்குத்தான் வீட்டில் யாரும் இல்லையே

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் நன்றாக இருக்கிறீர்கள்தானே? அத்தைக்கு முட்டிவலி தேவலையா? எனக்குக் காய்ச்சல், சளி எதுவும் இல்லை. போனில் பேசினால் மனசில் இருப்பதைக் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த ஊரில் கொரோனாவுக்கு மூடிய பள்ளியைத் திறந்துவிட்டார்கள். அறிவியல் டீச்சர் மட்டும் வீட்டிலிருந்தே பாடம் எடுக்கிறாள். அவள் திரையில் பேச, நான் வகுப்பில் நின்று பிள்ளைகளின் மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிவிடுகிறேன். நேற்று பாடத்தின் நடுவே ஒரு கை வந்து அவள் பக்கத்தில் டீயை வைத்துவிட்டுப் போனது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மாலைக் கூட்டத்தில், நான் மட்டும் ஏன் அவள் வகுப்பில் நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

"பிள்ளைங்ககிட்டேருந்து டீச்சருக்கு அவ்வளவா தொத்தாதாம்மா" என்றார் தலைமையாசிரியர்.

"அப்ப அவங்களும் வரலாமே சார்?"

"அவங்க வீட்ல வயசான மாமனார் இருக்காரு. உங்களுக்குத்தான் வீட்ல யாரும் இல்லையே!"

"ஆமா சார். எனக்கு வந்தா தண்ணி குடுக்கக்கூட ஆளில்ல. அதையும் யோசிங்க."

கடைசியில், அவள் வகுப்பை எல்லோரும் முறைவைத்துப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. அடுத்த வாரம் நானும் என் வாடகை அறையிலிருந்தே பாடம் எடுக்கலாம். ஆனாலும் பொறாமை அடங்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது வீடு, எனக்குக் கிடைத்தது அறைதானே.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லாதீர்கள். உங்கள் பழைய சட்டையில் எனக்கு இரண்டு மாஸ்க் தைத்து அனுப்புங்கள். நீங்கள் போட்டுக் கழற்றிய சட்டையாக இருக்கட்டும். துவைக்க வேண்டாம், நானே துவைத்துக்கொள்கிறேன். துவைக்க ஒன்றும் அவசரமில்லை.

பள்ளிக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உங்கள்
பாப்பாவின் அம்மா