நாளைக்குக் கோப்பிக்குப் பல் பிடுங்குகிறார்கள்

இப்படி உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். "வாய்ஸ் மெசேஜ்ல முடியற விஷயத்துக்கு எதுக்கு டி கட்டுரை?" என்று நீ கேட்பாய். எனக்குப் பேச வராது, எழுதத்தான் வரும் என்று உனக்குத் தெரியும். நீ இல்லாமல் போன பிறகு உனக்கு எழுதுவது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் சற்று முன்பு கோப்பியின் பற்பசையைத் திறந்தேன். அந்தக் கோழி சூப் வாசனை சமையலறை முழுக்கப் பரவியதும் எனக்கு உன்னிடம் பேசவேண்டும் போலிருந்தது.

நாளைக் காலை கோப்பிக்குப் பல் பிடுங்குகிறார்கள். மேல் தாடையில், இடது பக்கத்துப் பெரிய கடைவாய்ப் பல். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய முடியுமாம்.

பயப்படாதே. முதலிலிருந்து சொல்கிறேன்.

பல் கிளினிக்கில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உனக்கு ஊரில் உள்ள எல்லாரும் பல்லாகத்தான் தெரிந்தார்கள். ரயிலில் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால் போதும், என் காதோரம் வந்துவிடுவாய். "அந்த அங்கிள் ஸ்கேலிங் பண்ணி வருஷக்கணக்கா ஆச்சு லா." நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

வேலை முடிந்து வந்ததும் உன் வீட்டு வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்காருவாய். கோப்பி உன் முழங்கால்களுக்கு நடுவே முதுகைச் சாய்த்துக்கொண்டு வந்து நிற்பான். பூடில் சாதி நாய் என்று பெயர்தான், நிறமோ தோ பாயோ காப்பிக்கடையில் ஊற்றித் தரும் கோப்பியின் நிறம். விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, பட்டாணி அளவு பற்பசையை அதில் தடவிக்கொண்டு, "சிரிடா கோப்பி" என்பாய். அவன் உதட்டைத் தூக்க விடுவான். ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் உன் விரல் சின்னச் சின்ன வட்டமாகப் போகும். துணி பழகிய பிறகுதான் பிரஷ்ஷுக்கு மாறினாய். அவனுக்குப் போதும் என்று தோன்றினால் பாதியிலேயே நிறுத்திவிடுவாய். "நாளைக்கும் அவன் வாயைத் திறக்கணும்ல?"

"பின்னாடி பல்லுதான் டி முக்கியம். முன்னாடி பல்லு போட்டோவுக்கு, பின்னாடி பல்லு சாப்பாட்டுக்கு" என்பாய். நாய் என்றால் வாய் நாறத்தான் செய்யும் என்று நான் ஒருமுறை சொன்னபோது உனக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்படியெல்லாம் இல்ல. நாறுதுன்னா ஈறு அழுவுதுன்னு அர்த்தம்."

அவனை முடித்துவிட்டு என் பக்கம் திரும்புவாய். "இப்ப நீ சிரி." என் கை தானாக வாய்க்குப் போய்விடும். எங்கள் வீட்டில் வலி வந்தால்தான் பல் டாக்டர். முன்பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதற்கெல்லாம் யார் செலவு செய்வார்கள்? பல்கலைக்கழகத்தில்கூடக் கையை வாயருகே வைத்துக்கொண்டேதான் பேசினேன். "கைய எடு டி. உன் பல்லு யாருக்கும் எந்தத் தப்பும் பண்ணல" என்பாய்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை நான் வாங்கிய நாள். அம்மா அப்பாவுக்கு நடுவே அங்கியும் தொப்பியுமாக நான் கட்டைபோல நின்றேன். படம் எடுப்பவரின் பின்னாலிருந்து நீ அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி, "சிரிடா கோப்பி!" என்று கத்தினாய். எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களில் என் பல் தெரிவது அந்த ஒன்றில்தான்.

பிறகு உன் ஆஸ்பத்திரி நாட்கள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உன் அம்மா புக்கிட் பாஞ்சாங்கில் உன் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே கைக்குழந்தை, நாயை வைத்துக்கொள்ள முடியாது. கோப்பி உன் மாடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தான். நீ கேட்டதெல்லாம், "பல்லு மட்டும் தேய்ச்சு விடு டி" என்பதுதான்.

அம்மா வாசலிலேயே மறித்தார். "சாமி இருக்கற வீட்டுல நாயா?"

"வைரவருக்கு வாகனமே நாய்தான்" என்றார் அப்பா.

"அப்ப வைரவர் வீட்டுலயே கொண்டுபோய் விடுங்க."

கோப்பி ஒன்றும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு வேறு வேலை இருந்தது. வெளியே கூட்டிப் போய்த் திரும்பும்போதெல்லாம் உன் மாடிக்கு இழுப்பான். உன் வாசலில் இப்போது வேறு யாருடைய செருப்புகளோ கிடக்கின்றன. அந்த இடத்தை மோந்து பார்ப்பான், கொஞ்ச நேரம் நிற்பான், இறங்கி வருவான். நான் அவனை அவசரப்படுத்தியதில்லை.

போன மாதம்தான் அது தொடங்கியது. பல் தேய்க்கும்போது இடது பக்கம் விரல் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாப்பாட்டை வலது பக்கமாகவே ஒதுக்கி மென்றான். ஒருநாள் காலையில் அவன் இடது கண்ணுக்குக் கீழே கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாயைத் தொடவே மாட்டேன் என்றிருந்த அம்மா, கேட்காமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தார்.

எக்ஸ்ரேயில் டாக்டர் காட்டினார். பல்லின் வெளிப்பக்கம் சில்லாகப் பெயர்ந்திருந்தது. அடியில், வேரைச் சுற்றிச் சீழ். "கெட்டியான எதையாவது கடித்தானா? எலும்பு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, எலும்பே கொடுப்பதில்லை" என்றேன் உறுதியாக. உன் சட்டம் ஆயிற்றே.

பக்கத்தில் அம்மா பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினார். "டாக்டர், ஐ கிவ். மட்டன் போன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா தமிழுக்கு மாறினார். "நல்லி எலும்பு டி. உங்கப்பாவுக்கு வைக்கறது. நீ பிடோக்குக்கு டியூஷன் சொல்லிக்குடுக்கப் போயிருந்த. வாசனைக்கு அடுப்படியிலயே வந்து உக்காந்துட்டான். பாவமா இருந்துச்சு. மசாலா போறதுக்குக் கழுவிட்டுதான் குடுத்தேன்."

எங்கள் வீட்டில் நல்லி எலும்பு என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் வாங்கும் கறியில் அது அப்பாவின் தட்டைத் தவிர வேறெங்கும் விழுந்ததில்லை. நான் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு வரவில்லை. அதை எடுத்து அம்மா கோப்பிக்கு வைத்திருக்கிறார். அவனை வீட்டு ஆளாக ஏற்றுக்கொண்ட அன்றைக்கே அவன் பல் உடைந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அம்மாவைத் திட்டவில்லை. நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். மருந்திலேயே விட்டால் வீக்கம் வடியும், திரும்ப வரும், வலி அவனோடேயே இருக்கும். பிடுங்கினால் நிம்மதி. ஆனால் வயதாகிவிட்டது, இதயத்தில் லேசாக ஒரு சத்தம் கேட்கிறது, மயக்க மருந்தில் கொஞ்சம் ஆபத்து உண்டு. முடிவு எங்களுடையது.

இந்த மாதிரி நேரத்தில் பேசுவது நீதான். காப்பிக்கடையில் எனக்கு டீ சொல்வதுகூட நீதானே. அன்றைக்கு யாரும் இல்லை. நானே கேட்டேன். இரத்தப் பரிசோதனையில் என்ன தெரிகிறது, அவன் தூங்கும்போது இதயத்தை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள், விழித்ததும் வலிக்கு என்ன தருவார்கள், எதைச் சாப்பிடலாம். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். இரத்தம் நன்றாக இருந்தது. பாதியில்தான் கவனித்தேன், என் இரண்டு கைகளும் கோப்பியின் மேல் இருந்தன. வாயை மூட ஒரு கைகூட மிச்சமில்லை.

அப்புறம் டாக்டர் அவன் உதட்டைத் தூக்கி மற்ற பற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். இந்த வயதில், இந்தச் சாதி நாய்க்கு, இப்படி ஈறு இருப்பது அபூர்வம். பாதிப் பற்கள் போயிருக்கவேண்டியவன் ஒரே ஒரு பல்லோடு தப்பிக்கிறான். யாரோ பல வருஷம் பொறுமையாகத் தேய்த்துவிட்டிருக்கிறார்கள்.

நான் உன் பெயரைச் சொன்னேன். நீ போனதிலிருந்து வாய்விட்டுச் சொன்னதில்லை. மேசைமேல் சோர்ந்து படுத்திருந்த கோப்பி சட்டென்று தலையை நிமிர்த்திக் கதவைப் பார்த்தான்.

இன்று வீட்டில் ஒரே பரபரப்பு. அம்மா உப்பில்லாமல் கோழியும் பூசணிக்காயும் வேகவைத்துக் கையாலேயே ஊட்டுகிறார். இதற்குப் பிறகு காலைவரை அவனுக்கு ஒன்றும் கிடையாது. நல்லபடியாக வந்தால் வைரவருக்கு வடைமாலை சாத்துவதாக வேண்டுதல் வேறு. அப்பாவுக்கு அதில்தான் வருத்தம். "நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப வெறும் கற்பூரம். இவனுக்கு வடைமாலையாம்."

"நீங்க எந்தக் காலத்துல ஒழுங்கா பல்லு தேய்ச்சிருக்கீங்க?" என்றார் அம்மா.

இந்த மாதமெல்லாம் அம்மாதான் அவனை மடியில் வைத்துக்கொள்கிறார், நான் வலிக்காத பக்கத்தை மட்டும் தேய்க்கிறேன். "சிரிடா கோப்பி" என்று அம்மா அதட்டினால் பயந்துபோய் உடனே சிரிக்கிறான். உன் இரண்டு வார்த்தைகள் எங்கள் வீட்டில் இப்படித்தான் இருக்கின்றன. நேற்று அலுவலகக் கூட்டத்தில் பேச எழுந்தபோது அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கை கீழேயே இருந்தது.

கோப்பி இப்போது என் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறான். நாளை மதியம் வீட்டுக்கு வந்துவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். டாக்டரும் அப்படித்தான் நினைக்கிறார்.

இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது ஒன்றைக் கேட்கத்தான். நாளைக்கு அவன் மயக்கத்தில் இருக்கும்போது அவன் பக்கத்தில் நீ இரு. உதட்டைத் தூக்கிப் பார், தலையைத் தடவிக் கொடு. ஆனால் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடாதே. நீ கூப்பிட்டால் அவன் வந்துவிடுவான். இன்னும் கொஞ்ச காலம் அவனை என்னிடம் விட்டு வை.