மாமியார் வாயில் வராத பெயர்

கணபதி,
கோயம்புத்தூர்.
மார்கழி, செவ்வாய்க்கிழமை

அன்புக் கண்ணு மோகனப்பிரியாவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், இந்தத் தடவை அது பேச்சுக்கு எழுதுவதல்ல, நிஜமாகவே நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நித்யஸ்ரீக் குட்டியும் குளிருக்கு அடக்கமாக இருக்கிறீர்களா. எதிர்வீட்டுப் பூஜிதா வெள்ளிக்கிழமை கால்கரிக்கு விமானம் ஏறுகிறாள், அவளிடம் இந்தக் கடிதத்தையும் பருப்புப்பொடி, கொள்ளுப்பொடியையும் கொடுத்துவிடுகிறேன், டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிடாதே, அது என் நல்ல டப்பா. ஞாயிற்றுக்கிழமை போனில் பெரியப்பா கிடைத்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னதும் நீ அழ ஆரம்பித்தாய், நானும் அழுதேன், மாப்பிள்ளை பயந்துபோய் யாருக்கு என்னாச்சு என்று கத்தியதுதான் எனக்குக் கேட்டது. ஆப்பரேசன் பேச்சை எடுத்தால் நீயும் அப்பாவும் மல்லுக்கு நிற்பீர்கள், அதனால் அதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. எல்லாவற்றையும் இதில் எழுதுகிறேன், அடுப்பில் எதையும் வைத்துவிட்டுப் படிக்க உட்காராதே.

உன் அப்பா ஐப்பசியிலிருந்து நெஞ்சடைப்புக்கு ஆப்பரேசன் வேண்டாம் என்று அடம் பிடித்தது கத்திக்குப் பயந்துகொண்டு என்றுதான் நீயும் நினைத்தாய் நானும் நினைத்தேன். டாக்டர் தள்ளிப்போடவே கூடாது என்கிறார், இவர் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார், நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எங்கண்ணன் இருக்கறாரா இல்லியான்னு தெரியாம நான் போய்ப் படுக்க மாட்டேன் நாச்சி, நானும் போய்ச் சேந்துட்டா அவரைத் தேடறதுக்கு ஆரு இருக்கறாங்க என்றார். உனக்குப் பாதிதான் தெரியும், அப்பா பள்ளிக்கூடம் போகிற வயதில் அவருடைய அண்ணன் பெரியதம்பி, நம் தோட்டங்காட்டில் வேலை செய்த வீட்டுப் பெண் பழனியாத்தாளைக் கட்டிக்கொண்டார். உன் அப்பாரு, அதுதான் உன் தாத்தா, இந்த ஊட்டு வாசப்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார், அன்றைக்குப் போனவர்தான். அதன் பிறகு ஒறம்பரை, சொந்தபந்தத்தில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். வருசாவருசம் ஆடி அமாவாசைக்குப் பேரூர் ஆற்றங்கரையில் அப்பா தன் அப்பன் ஆத்தாளுக்குத் திதி கொடுப்பார், ஐயர் வேறு யாராவது உண்டா என்று கேட்பார், எங்கண்ணன் இருக்கறாருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். எந்த நம்பிக்கையில் சொன்னாரோ.

அப்போதுதான் சிங்காநல்லூர் அப்துல் மஜீத் அண்ணன் நடத்துகிற வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள் பூஜிதா. அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், எந்த ஊரைச் சொன்னாலும் அதற்கு முந்தின ஸ்டாப்பைச் சொல்வார். விட்டுப்போன சொந்தத்தையும் பாட்டன் பூட்டன் ஊரையும் தேடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவுகிற குழு அது, யாரும் கைநீட்டி எதுவும் வாங்குவதில்லை. ஒரே ஒரு சட்டம், அவரவர் ஆளை அவரவர் தேடக் கூடாது, எனக்கு நீ தேடு, இன்னொருத்தருக்கு நான் தேடுகிறேன். இதென்ன கூத்து என்றுதான் முதலில் நினைத்தேன், சொந்த ஆளைத் தேடினா நமக்குப் பிடிச்சதுதானுங்க காதுல உளுகும் என்றார் அண்ணன். சரி என்று நானும் இந்தக் கணபதியில் தெருத்தெருவாக யார் யாருக்கோ விசாரித்துக் கொடுத்தேன், எனக்குத்தான் பேசுவதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லையே. நம்முடையதைச் சத்தியமங்கலத்துத் தெய்வாத்தாள் எடுத்துக்கொண்டாள், என் வயதுதான், வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறாள். பெரியதம்பி என்று பெயர் கொடுத்தேன், அவினாசிப் பக்கம் என்று ஊர் கொடுத்தேன், அவளும் சந்தை, மண்டி, பவானிக் கரை என்று கேட்டுப் பார்த்தாள், அப்படி ஒரு பெரியதம்பி எங்கேயும் இல்லை. அப்பா போனைப் பார்ப்பதையே விட்டுவிட்டார், எனக்கும் நம்பிக்கை விட்டுப்போச்சு.

கார்த்திகை தீபத்தன்று தெய்வாத்தாள் கூப்பிட்டாள். ஏனுங்கக்கா, பெரியதம்பிங்கறது பேரா, இல்ல உங்க மாமியா கூப்புட்டதா என்று கேட்டாள். எங்கூட்லயும் இப்படித்தானுங்க, எங்கண்ணனுக்கு எங்கப்பாரு பேரு, எங்கம்மா மாமனார் பேரச் சொல்லக் கூடாதுன்னு கடைசி வரைக்கும் கண்ணான்னுதான் கூப்பிட்டாங்க என்றாள். அட கடவுளே. மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பார்கள், அது மாமனார் பெயர், அதைச் சொல்லி ஒரு மருமகள் பிள்ளையை எப்படித் திட்டுவாள், வாடா போடா என்று எப்படிக் கூப்பிடுவாள். என் மாமியார் பெரியதம்பி என்று கூப்பிட, ஊரே அப்படிக் கூப்பிட்டது, உன் அப்பாவும் அண்ணனை வேறு பெயரில் கேட்டதே கிடையாது. அவர்கள் பாட்டன் பெயர் ஐயாசாமி, அதுதான் பெரியப்பாவின் நிஜப் பெயரும். நான் இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே மாமியார் என்னிடமும் அந்தப் பெயரைச் சொல்லாதே என்று சொல்லி வைத்தார், அதனால் தெய்வாத்தாளிடம் சொல்ல வாய் வரவில்லை. பேரச் சொல்லுங்கக்கா, சொல்லுங்கக்கா என்கிறாள், நான் இரு அம்மணி என்று போனை வைத்துவிட்டு வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். இதைக் குழுவில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அடுத்த வாரமே ஒரு போட்டோ அனுப்பினாள். சத்தியிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற ஐயாசாமி. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், முகத்தை வைத்து ஒன்றும் தெரியவில்லை, காதைப் பெரிதாக்கிக் காட்டினேன். நம் வீட்டு முறக்காது. உனக்கும் இருக்கிறதே, காலேஜில் முடியை விட்டு மறைத்துக்கொண்டு திரிந்தாயே, அதே காது. கிளம்புடி என்றார், அவ்வளவுதான், மாத்திரையைக்கூட நான்தான் எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் வாசலில் இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழனியாத்தாள் அக்காதான் வாங்க வாங்க, ஊட்டுக்குள்ள வாங்க என்று என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சோறு ஆக்கி வைத்திருந்தார், நானும் அப்பாவும் கை நனைத்து வயிறாரச் சாப்பிட்டோம், இதை ஒறம்பரையில் யாராவது குத்திப் பேசினால் என்னிடம் பேசச் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியப்பா மட்டும் இலையில் கை வைக்கவில்லை. அக்கா அவரிடம், ஏனுங்க அதைச் சொல்லிப்போடுங்க, மனசுல வெச்சுக்கிட்டிருந்தா சோறு எறங்காது என்றார். பெரியப்பா எப்போதோ ஒரு வருசம் தம்பியைப் பார்க்க வேண்டும் என்று கணபதிக்கு வந்திருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கினால் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், தம்பிதுரை, லேத் பட்டறை உரிமையாளர். அது நம் பக்கத்துத் தெருத் தம்பிதுரை கண்ணு, உனக்கு ஞாபகம் இருக்கும், பட்டறை வாசலில் கிளி வளர்த்தாரே. உன் அப்பா பெயரும் தொழிலும் அதேதானே, இவர் நம் அப்பா என்று நினைத்து, சாவு வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பது என்று அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார். உனக்கு நான் வருசாவருசம் ஆடி அமாவாசைக்கு பவானிக் கூடுதுறையில எள்ளுந் தண்ணியும் எறச்சுப்போட்டேனடா தம்பி என்று சொல்லிவிட்டு அழுகிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இங்கே பூவும் பொட்டுமாக இருக்கிறேன், இவர் அங்கே என் ஊட்டுக்காரருக்குத் திதி கொடுத்திருக்கிறாரே. புருசனுக்கு மூத்த மச்சாண்டார் முன்னால் குரலை உயர்த்தக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோச்சு, நல்லா இருக்குதுங்க உங்க நாயம், சுவத்தப் பாத்துப்போட்டு எனக்குத் தாலியறுத்துப் போட்டீங்களே என்று கத்திவிட்டேன். உடனே உன் அப்பா சிரித்தார் பார், சோறு புரையேறி, தலையைத் தட்டத் தட்டச் சிரித்தார், பெரியப்பாவும் அழுதுகொண்டே சிரித்தார். நீ கல்யாணமாகிப் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, நாச்சி, எனக்கு எள்ளுந் தண்ணியும் எறச்சாச்சு, செத்துட்டான்னு சேதி வந்தவனுக்கு ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்கல்ல, இனி அந்த டாக்டரு என்னை என்ன பண்ணிப்போடுவாரு, தேதி வாங்கு என்றார். தை பிறந்து முதல் வியாழக்கிழமை ஆப்பரேசன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அங்கே கவுண்டரில் இருந்த பெண், கூட இருந்து பார்த்துக்கிறது யாருங்க, பேரு சொல்லுங்க என்று கேட்டாள். அப்பா எக்ஸ்ரேக்குப் போயிருந்தார், எழுதிக் காட்டலாம் என்றால் பேனா இல்லை. மாமியாரை மனதில் நினைத்துக்கொண்டு, கோவிச்சுக்காதீங்க அத்தை என்று சொல்லிவிட்டு, ஐயாசாமி, அவருக்குக் கூடப் பொறந்த அண்ணனுங்க என்று நல்ல சத்தமாகவே சொன்னேன்.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம் கண்ணு, பெரியப்பாவும் பெரியம்மாவும் பொங்கல் முடிந்ததும் வந்து நம்மோடுதான் இருக்கப்போகிறார்கள். ஆப்பரேசன் அன்றைக்கு அப்பாவின் போன் பெரியப்பா கையில் இருக்கும், எடுத்தால் யாரென்று கேட்டு அவரைத் திகைக்க வைக்காதே, பெரியப்பா என்று கூப்பிடு, இதுவரை அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தெய்வாத்தாளுடைய சின்னம்மா ஒருவர் உப்பிலிபாளையம் பக்கம் இருந்தாராம், அவரைத் தேடுகிற வேலை இப்போது என் தலையில், அந்தப் பக்கம் உன்னோடு படித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல். குட்டிக்குக் காதை மூடிக் குல்லா போடு. மாரியாத்தா உங்கள் மூவரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். டப்பாவை மறக்காதே.

உன் அம்மா,
தீர்க்க சுமங்கலி நாச்சியம்மாள்