வெயில் சரிவின் மூத்த மரம்

அக்காவுக்கு,

மலையடிவாரத்து வெயில் சரிவில் இன்று மணிக்கட்டுப் பருமனில் ஒரு பைன் மரத்தைப் பார்த்து, கன்று என்று நினைத்துவிட்டேன். தண்டில் துளையிட்டு எடுத்த மெல்லிய துண்டில் ஆண்டு வளையங்களை எண்ணினால், மேலே நிழல் சரிவின் ஈரத்தில் கொழுத்து நிற்கும் மரத்துக்கு அது மூத்தது!

என்னை விடுதியில் சேர்க்க வந்தாயே, அன்று வார்டன் உன்னைக் காட்டி, "தங்கச்சியா?" என்றார். "ஆமா மேடம், இவதான் பெரியவ" என்று சிரித்தாய். என்னைப் படிக்கவைக்கப் பள்ளியை விட்டுத் தையல் கடைக்குப் போனவள் நீ.

விட்ட பரீட்சையை எழுதச் சொன்னால், "இனிமேலா வளரப் போறேன்?" என்கிறாய். அந்த ஒல்லி மரம் இந்த வருஷமும் ஒரு வளையம் போட்டிருக்கிறது.

பரீட்சை முடியும்வரை என் அறையில் வந்து இரு, அக்கா. கட்டிலில் சுவர்ப் பக்கம் உனக்கு. தூக்கத்தில் காலை மட்டும் என்மேல் போடாதே.

உன் நெட்டை