இடது கட்டைவிரல்

அன்புத் தோழிக்கு,

நலமா என்று கேட்கக்கூட இன்று கூச்சமாக இருக்கிறது.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உன் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். இன்னும் மூன்று நாளைக்கு வரும். போன வாரத்திலிருந்து அவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். உங்கள் வீட்டு மாடிப்படி ஏற முடியவில்லை. மூச்சு வாங்குகிறது, கணுக்கால் வீங்கியிருக்கிறது. என் சமையலைக் குறை சொல்லும் அளவுக்கு வாய் மட்டும் நன்றாக இருக்கிறது.

ஆபரேஷன் ஏன் தள்ளிப்போகிறது என்று நீ கேட்டபோதெல்லாம் சர்வர் கோளாறு என்று சொல்லிவந்தேன். அது பொய். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் போனில் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முந்தாநாள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதய வால்வு ஆபரேஷன் அரசு மருத்துவ அட்டைக்கு இலவசம். டாக்டர் பார்த்துவிட்டார், விரல் வைத்தால் தேதி கொடுத்துவிடுவார்கள். அம்மா பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். கவுன்டரில் இருந்த பெண், "மிஷின் உங்கள வேற ஆளுன்னு சொல்லுதும்மா" என்றாள். "அறுபத்தேழு வருஷமா நான் நானாத்தான் இருக்கேன். உன் மிஷினுக்கு என்ன வயசு?" என்று அம்மா கேட்டதும் வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ரேஷன் அட்டைகளுக்குக் கைரேகை பதிந்தோம். பதியாதவர் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று உத்தரவு. நான் பில் போடும் ரேஷன் கடையில், கடைசி நாள், கடைசி ஆள் உன் அம்மா. வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்து உன்னை என்னோடு கல்லூரிக்கு அனுப்பிய விரல்களில் ரேகையே இல்லை. ஏழு முறை சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டாவது முறை என் இடது கட்டைவிரலை வைத்தேன். பச்சை எரிந்தது. அன்றிலிருந்து மாதாமாதம் அப்படித்தான் அரிசி போட்டேன். "உன் கட்டைவிரல்தான் எனக்குச் சோறு போடுது" என்பார். அதே பதிவை வைத்துத்தான் மருத்துவ அட்டையும் வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஆஸ்பத்திரியில் கேமரா முகத்தையும் பார்க்கிறது; அங்கே என் விரல் செல்லாது. பழைய பதிவை அழித்துவிட்டு, விரலுக்குப் பதிலாகக் கண்ணைப் பதியலாமாம். ஆனால் அந்த ரேகை யாருடையது என்று பதிந்தவர் எழுதித் தர வேண்டும். எழுதினால் வேலை போகும், கேஸும் வரலாம். என் வீட்டுக்காரருக்கு வேலை நின்று ஏழு மாதமாகிறது. இரண்டு நாளாக வேறு வழி இருக்கிறதா என்று பலரிடம் விசாரித்தேன். நான் தேடியது உன் அம்மா பிழைக்கும் வழியை அல்ல, நான் தப்பிக்கும் வழியை. அதை ஒப்புக்கொள்ளவே இரண்டு நாள் ஆயிற்று.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஆபரேஷனெல்லாம் வேணாம்டி. இத்தனை நாள் ஓடுன இதயம் இன்னும் கொஞ்சம் ஓடாதா? நீ யார்கிட்டயும் போய் எதையாவது உளறிவைக்காதே" என்றார். அந்தக் கவுன்டரில் என்னைக் கைகாட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாளை பத்து மணிக்கு ரேஷன் அலுவலகம் திறந்ததும், அது என் விரல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிறேன். வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை மன்னிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திடீரென்று எப்படித் தேதி கிடைத்தது என்று அம்மா போனில் கேட்டால், சர்வர் சரியாகிவிட்டதாம் என்று மட்டும் சொல். அவர் நம்பும்படியாகச் சொல்.

என்றும் உன்,
கல்லூரித் தோழி